மூவாயிரம் பீசு

கருப்புச் சட்டை மூவாயிரம் பீசு.
நெஞ்சுக்கு நேராக மஞ்சள் எழுத்து,
ஒரே ஒரு சொல்: புள்ளிங்கோ.
மெட்ராஸ் ஆர்டர். திங்கக்கிழமை லாரி ஏறணும்.

வேலம்பாளையத்துப் பட்டறையில்
நான் மேஜைக்கு இந்தப் பக்கம், லோகு அந்தப் பக்கம்.
சட்டம் இறக்கி, மசி ஊற்றி, இழுத்து,
சட்டம் தூக்கி, அடுத்த பலகை.
பீசுக்கு ஒண்ணேகால் ரூபாய்,
ரெண்டு பேருக்கும் சேர்த்து.

முதல் எழுத்து விழுந்ததும் லோகு சிரித்தான்.
"நம்மளத்தான்டா அடிக்கறோம்."

அப்போது அவன் தலை செம்பு நிறம்.
தீபாவளி போனஸில் பாக்கெட் வாங்கி
குழாயடியில் நான்தான் தேய்த்துவிட்டேன்.
என் விரல் நகம் ஒரு வாரம் அவனாட்டவே இருந்தது.

அது எங்கள் ஊர்ச் சொல்லில்லை.
போனுக்குள் உட்கார்ந்து வந்து இறங்கியது.
காமெடியில் மூணு பேர் ஒரே வண்டியில் வருவார்கள்,
ஒருத்தனுக்கு மஞ்சத் தலை,
வாய் திறப்பதற்குள் சிரிப்புச் சத்தம் போட்டுவிடுவார்கள்.
குத்துப்பாட்டில் அதே மூணு பேர் பின்னால் ஆடுவார்கள்.
முன்னால் ஆடுகிறவருக்கும் மஞ்சத் தலைதான்.
அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இங்கே ங்கோ என்றால் மரியாதை.
வாங்கோ, உக்காருங்கோ.
கடன் கேட்டு வந்தவனுக்கும்
இல்லீங்கோ என்றுதான் சொல்வார்கள்.
அந்தச் சொல்லின் வாலிலும் அதே ங்கோ.
இருந்தும் எங்கள் மேல் விழுந்தபோதெல்லாம்
ஒருமையில்தான் விழுந்தது.

ராத்திரி ஷிப்டு முடிந்து
புஷ்பா தியேட்டர் பக்கம் வரும்போது கைகாட்டினார்கள்.
லைசென்ஸ் இருந்தது. ஆர்சி இருந்தது. ஹெல்மெட் இருந்தது.
கழட்டச் சொன்னார்கள்.
"அட, புள்ளிங்கோ" என்றது டார்ச்சுக்குப் பின்னாலிருந்த குரல்.
அந்நேரத்துக்குக் கத்தரி எங்கிருந்து வந்ததென்று
எனக்கு இன்னும் தெரியாது.
உச்சியில் ஒரு கொத்து.
யாரோ போனில் எடுத்தார்கள்.

காலையில் மொட்டையோடு வந்தான்.
"காத்தோட்டமா இருக்குது."
மேஜையில் இன்னும் ஆயிரத்து இருநூறு பீசு கிடந்தது.

அன்றைக்கு வெசையாக இழுத்தான்.
சட்டத்தின் இடது பக்கம் மசி காய்ந்து
கண் அடைத்துக்கொண்டதை ரெண்டு பேரும் பார்க்கவில்லை.
பதினோரு பீசு போச்சு.
பதினொன்றிலும் புள்ளி விழவில்லை.
வெறும் ங்கோ.
நாச்சிமுத்தண்ணன் கூலியில் பிடித்துக்கொண்டு
மூட்டையை எங்கள் தலையிலேயே கட்டினார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு
கோயமுத்தூர் மாலுக்குப் போனோம்.
வாசலில் எங்கள் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள்.
ரெண்டாவது மாடியில், கண்ணாடிக்குள்,
கையில்லாத பொம்மை எங்கள் சட்டையைப் போட்டிருந்தது.
எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது.
நாலு காலேஜ்ப் பசங்கள் அதை மாட்டிக்கொண்டு
உதட்டைக் கோணி செல்பி எடுத்தார்கள்.
ஒருவனுக்குப் பச்சைத் தலை, நல்ல கடையில் அடித்த பச்சை.
அவன்தான் லோகுவின் நெஞ்சைப் பார்த்து நின்றான்.

"ப்ரோ, இது செம டிசைன். எங்க வாங்குனீங்க?"

லோகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்,
மஞ்சளில் வெடிப்பு விட்டிருந்தது.
"செகண்ட்ஸுங்கோ."

பையன் போனை எடுத்து
அந்த பிராண்டைத் தேட ஆரம்பித்தான்.
நாங்கள் நகரும் படியில் கீழே இறங்கினோம்.
எனக்கு முந்தின படியில் லோகுவின் தலை,
ஒரு விரக்கடை கருமுடி,
அதுவும் ஒரே பக்கமாகப் படியாமல்.