நாற்பத்தோராம் பத்தி

பட்டு எடுத்துவிட்டேன் என்றேன், தொலைபேசியில்.
ஆருக்குக் கலியாணம் என்றாள் அம்மா.
கூறையா, காஞ்சிபுரமா, என்ன விலை?
கறுப்பு அம்மா, கவுன்.
பட்டம் அரசி தருவது, துணிக்குக் காசு நான்.
கறுப்பா என்றவள்
வெகுநேரம் பேசவில்லை.

இருபத்தாறு ஆண்டு இந்தத் தெருவில்.
மிடில் டெம்பிள் சந்தில் மாலை ஆனால்
இன்னும் காஸ் விளக்குதான்.
அதன் கீழே நடந்துபோய்
அமைச்சருக்காக வாதாடியிருக்கிறேன்,
அமைச்சருக்கு எதிராகவும்;
வங்கிக்கு, அந்த வங்கியிடம் ஏமாந்த நகராட்சிக்கு,
நடுக்கடலில் ஈரம்பட்டு முளைவிட்ட பயறுக்கு
யார் பொறுப்பு என்று ஒன்பது நாள்.
எங்கள் விதி டாக்சி நிறுத்தத்தின் விதி:
வரிசையில் முதலில் நிற்பவர் கதவைத் திறந்தால்
போக வேண்டியதுதான்.
எங்கே என்று கேட்கலாம்.
ஏன் என்று கேட்கக் கூடாது.

இன்று என் கட்சிக்காரர் ஒரு மீன்பிடி நிறுவனம்.
உரிமம் தருவதாகச் சொன்ன அமைச்சகம்
படகு வாங்கிய பிறகு கைவிரித்தது.
நியாயமான எதிர்பார்ப்பு என்று
ஒரு மணி நேரம் பேசி உட்கார்ந்தேன்.
அரசுத் தரப்பில் ஓவைன் பிரிச்சர்ட்,
பொய்முடி இன்னும் வெள்ளை.
என்னுடையது எப்போதோ தேநீர் நிறமாகிவிட்டது.
மஞ்சள் தாள் ஒட்டிய பக்கத்தைத் திறந்து
அவசரமில்லாமல் வாசித்தான்:
எழுத்தில் வராத வாக்குறுதி
எதிர்பார்ப்பு ஆகாது, அது நம்பிக்கை மட்டுமே.
நம்பிக்கையை அமல்படுத்தும் அதிகாரம்
நீதிமன்றத்துக்கு இல்லை.
நாற்பத்தோராம் பத்தி.

நீதிபதி எழுதியது அல்ல, நான் சொன்னது.
ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாமல்
தீர்ப்பில் எடுத்துப் போட்டிருந்தார்.
அன்று அந்தப் பக்கத்தைப் படியெடுத்து
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.
தவளை, வாய்.

அந்த வழக்கில் நான் உள்துறைக்கு.
பின்வரிசையில் இரவல் கோட்டில் ஒருவர்.
ஒன்பது ஆண்டு, செவ்வாய்தோறும்
லண்டன் பிரிட்ஜ் அருகே கையெழுத்து.
ஒரு செவ்வாயன்று
கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி
கவலைப்படாதே, உன்னை அனுப்பமாட்டோம் என்றாராம்.
வாயால்.

வென்றேன்.
தாழ்வாரப் படியில் என் பெட்டியின் சக்கரம்
மாட்டிக்கொண்டபோது
அவர்தான் குனிந்து தூக்கிவிட்டார்.
"வடிவாக் கதைச்சீங்கள், தங்கச்சி."
குத்தலாகச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

"மிஸ் இரத்தினசபாபதி,"
மூச்சு வாங்கி, ஒன்பது எழுத்தையும்
இடறாமல் கடந்து கேட்டார் நீதிபதி,
"நாற்பத்தொன்றுக்கு என்ன சொல்கிறீர்கள்?"
அது வேறு, இது வேறு, மை லேடி.
என் கட்சிக்காரரிடம் மின்னஞ்சல் இருக்கிறது.
அவரிடம் இருந்தது காதால் கேட்டது.
"அவர் என்றால்?"
மனுதாரர். தீர்ப்பில் வெறும் 'த'.

மீதி எழுத்துகள் எனக்குத் தெரியும்.
சொல்லக் கூடாது என்பது உத்தரவு.
பெயரை மறைக்கச் சொல்லி அவர் தரப்பு கேட்டபோது
ஆட்சேபம் இல்லை என்று எழுந்து சொன்னவள் நான்.
அவருக்கு நான் செய்த
ஒரே உதவி.
ஒப்பந்தங்களைப் பற்றி, படகுக் கடனைப் பற்றி
இன்னும் இருபது நிமிடம் பேசினேன்.
நன்றாகவே பேசினேன்.

தீர்ப்பு பின்னர் என்றார்கள்.
வெளியே ஸ்ட்ராண்டில் தூறல்,
பேருந்துகள் ஒன்றையொன்று முட்டாத குறை.
அலுவலகத்திலிருந்து கிளைவ் அழைக்கிறான்:
ஜெனீவாவில் நடுவர் மன்றம், கப்பல் வழக்கு,
நம்பமாட்டீர்கள், மறுபடியும் பயறு.
எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்து
எத்தனை பக்கம் என்று கேட்டேன்.
நாலாயிரத்துச் சொச்சம், என்றான்.
வெள்ளிக்கிழமைக்குள்.