எர்ணாவூர், கண்காணிப்புக் கிணறு 17

மாதத்தின் முதல் செவ்வாய்
டேப்போடு வருவேன்.
பள்ளிக்கூடச் சுவரோரம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஆறு அங்குல இரும்புக் குழாய், மூடி, பூட்டு.
"அரசுச் சொத்து" என்று எழுதியிருந்ததில்
சொத்து உப்புக் காற்றில் உதிர்ந்துவிட்டது.

பூட்டு திறக்காது. எந்த மாதமும் திறந்ததில்லை.
காவலாளி மதலைமுத்து தேங்காய் எண்ணெய் கொண்டுவருவார்.
"போன மாசமும் இதே பூட்டுதான்" என்பார்.
"ஆமாங்க" என்பேன்.
எட்டு வருஷப் பழக்கம், இவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிய சாக்பீஸை
டேப்பின் நுனியில் பூசி இறக்குகிறேன்.
நனைந்த இடத்தில் வெள்ளை கறுத்துவிடும்.
கறுத்த கோடுதான் நீர்மட்டம்.

நாலு புள்ளி இரண்டு மீட்டர்.
போன மாதம் நாலு புள்ளி ஒன்பது.
எழுபது சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.
இறங்கினால் சிவப்பு மை, ஏறினால் நீலம்.
நீலப் பேனாவைத் திறக்கிறேன்.

எதிர்வீட்டு ஏகவல்லி
இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்கிறாள்:
"ஏறிக்கீதா சார், எறங்கிக்கீதா?"
"ஏறியிருக்கும்மா."
"அப்பறம் ஏன் சார் எங்க பம்புத் தண்ணிய
வாயில வெக்க முடியல?"

பதில் என் பையில் இருக்கிறது,
பேனா மாதிரி ஒரு கருவி.
அவள் குழாயடித் தண்ணீரை டம்ளரில் பிடித்து முக்கினால்
எண்கள் ஓடுகின்றன,
ஐயாயிரத்தைத் தாண்டி மூச்சு வாங்கி நிற்கின்றன.

ஏறியது மழையில்லை.
பள்ளி மழைநீர்த் தொட்டியில் இருப்பது
பிஸ்கட் உறையும் ஒரு ஒற்றைச் செருப்பும்.
வடமேற்கே மீஞ்சூர்ப் பக்கம்
வயலும் ஆலையும் ராத்திரி லாரியும்
உறிஞ்சிக் காலி செய்த இடத்துக்குப் போகிற வழியில்
கடல், இவள் வீட்டுக்கடியில் இறங்கித் தங்கியிருக்கிறது.

ஆழ்துளை போட ஏகவல்லி மனு கொடுத்தாள்:
வரைபடம், வரி ரசீது, மூன்று நகல்.
கடல் எந்த ஜன்னலிலும் வரிசையில் நிற்கவில்லை.
அதற்கு நோட்டீஸ் ஒட்ட
எந்தக் கதவைத் தேடுவது?

"சிவப்புல எழுது சார்" என்கிறாள்.
"ஏறினதுக்கு நீலம்தாம்மா."
"உன் நீலத்துல சோறு வெந்துடுமா?"

உப்புக்கு வேறு பதிவேடு,
அது வேறு மாடிக்குப் போகும்.
இரண்டும் ஒரே மேசையில் சந்தித்ததை
நான் பார்த்ததில்லை.

குறிப்புகள் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
போன தடவை அதில் 'கடல்' என்று எழுதினேன்.
அதிகாரி அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்:
'உவர்நீர் ஊடுருவல். உரிய சொற்களைப் பயன்படுத்தவும்.'
தப்பில்லை. அடுத்த வருஷம் இந்தப் பக்கம்
புதுத் துளைக்குத் தடை விதிக்கச் சொல்லிப் போகும் கோப்பில்
அந்தச் சொல் இருந்தால்தான் கையெழுத்து விழும்.
எனக்கும் தெரியும்.

இருந்தாலும் இன்று,
மதலைமுத்துவிடம் சிவப்புப் பேனா கேட்கிறேன்.
வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போடுகிற பேனா.
நீல எண்ணுக்குக் கீழே, உரிய சொற்களில்,
உவர்நீர் ஊடுருவல்.
அதற்கும் கீழே, இடம் போதாமல், சாய்வாக:
எதிர்வீட்டில் சோறு வேகவில்லை.

ஏகவல்லி படிக்கவில்லை.
லாரி ஹாரன் கேட்டுக் குடத்தோடு ஓடிவிட்டாள்.

சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
மூடியை வைக்கிறேன்.
எண்ணெய் அதிகம் போலிருக்கிறது,
இன்று பூட்டு
பூட்டிக்கொள்ள மாட்டேனென்கிறது.