வெண்ணெய்க்குப் பின்னால்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து
அரைமணி நேரம் வெளியில் வைக்கச் சொன்னார்கள்.
சில்லென்றே குத்தினால் எரியுமாம்.
மேசைமேல் கிடக்கிறது
தடித்த பேனா மாதிரி ஒன்று. மூடி கழற்றவில்லை.
மணி ஏழு பத்து.
சுதுரோய்த் தீவில் இன்றும் பனிமூட்டம்.
கப்பலின் சங்கு கேட்கிறது, கப்பலைக் காணோம்.

எனக்கு வலி இல்லை.
இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும்.
நேற்றுக்கூடக் காற்றில் உலர்த்திய ஆட்டிறைச்சி
இரண்டு துண்டு கூடுதலாகவே தின்றேன்.
கல்லைத் தின்றாலும் கரையும் உனக்கு என்பான் ஹெய்னி.
தம்பிக்கு வந்ததால் என்னையும் பார்த்தார்கள்,
குழாய் விட்டு, விளக்குப் போட்டு.
சிறுகுடல் முடிகிற இடத்தில் நான்கைந்து புண்கள்.
வாடகை பாக்கி வைக்காத
குடித்தனக்காரர்களைப் போல, சத்தமே இல்லாமல்.
வேண்டாம் என்றிருக்கலாம் அன்றைக்கே.
சும்மா கிடந்த சங்கை
நானேதான் எடுத்து ஊதினேன்.

மீன் ஆலையில் எனக்கு வெளிச்ச மேசை வேலை. பதினாறு வருடம்.
அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல்
கோட் மீனின் சதையை விரித்துப் பார்ப்பேன்.
வெள்ளை வெளேரென்று இருக்கும்.
சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும்.
இடுக்கியால் எடுத்துவிட்டு அடுத்ததை இழுப்பேன்.
யோசித்ததில்லை.
மேசைக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால்
எப்படி இருக்கும் என்று.

டாக்டர் லிஸ்பெத் மாதம் ஒருமுறை
டென்மார்க்கிலிருந்து வருகிறவர். நல்லவர். அவசரப்படுத்தவில்லை.
கூரைக்குள் கனலும் நெருப்பு என்று ஏதோ ஆரம்பித்தார்.
உவமை வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள் என்றேன்.
சொன்னார்.
மருந்தால் வரக்கூடிய கெடுதல், அந்தப் பெரிய கெடுதல்,
சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு.
எங்கள் ஊரில் சில ஆயிரம் பேரே இல்லை, டாக்டர்.
ஒருவர் என்றால் எங்களுக்கு அது எண் இல்லை.
அவர் வீட்டுக் கூரைக்கு ஒரு நிறம் இருக்கும்,
துறையில் படகு இருக்கும்,
தேவாலயத்தில் அவர் உட்காரும் மூலையில்
வேறு யாரும் உட்கார மாட்டோம்.

போடாவிட்டால்?
அதற்கும் எண் இருந்தது.
முகமும் இருந்தது. ட்ரோந்துர், என் தம்பி,
ஒரு கை நீளக் குடலைக்
கோபன்ஹேகனில் விட்டுவிட்டு வந்தவன்.
முதலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.
"ஒரு செவ்வாய்க்கிழமை.
ரூபார்ப் கேக் தின்றுகொண்டிருந்தேன்."
அவ்வளவுதான். பிறகு படகின் பேட்டரியைப் பற்றிப் பேசினான்.

அவனுக்கும் திங்கட்கிழமை வரை ஒன்றுமில்லை.
நான் இருப்பது அந்தத் திங்களா,
இல்லை, என் வாரத்தில் செவ்வாயே கிடையாதா?
போட்டுக்கொண்டு இருபது வருடம்
நன்றாகவே இருந்துவிட்டால்
மருந்துதான் காத்தது என்று எப்படிச் சொல்வேன்?
காக்க ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால்?
மருந்து போடாத இன்னொரு ரன்வா
எதிர்த் தீவில் இருந்தால்
ஞாயிறுதோறும் போன் போட்டுக் கேட்கலாம்:
எப்படி இருக்கிறாய், இன்னும் ஆட்டிறைச்சி தின்கிறாயா?

ஏழு முப்பத்தெட்டு.
பேனாவைத் தொட்டுப் பார்த்தேன்,
என் கையின் சூடா அதன் சூடா தெரியவில்லை.

ஹெய்னி வருகிறான், ஈரக் காலுறையோடு,
ரொட்டிக்கு வெண்ணெய் தேடி.
வெண்ணெய்க்குப் பின்னால், வியாழனிலிருந்து நான் ஒளித்திருந்த
பெட்டி அவன் கையில் வருகிறது.
திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
"ட்ரோந்துர் மறந்துவிட்டுப் போனானா?"

இல்லை என்கிறேன்.
வெண்ணெயை நகர்த்தி அவனுக்கு இடம் விடுகிறேன்.

என்னுடையது. உட்கார்.
இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.