இரண்டு பத்துக்கு எழும்புவது

விடியப்புறம் இரண்டு பத்துக்கு அது எழும்பும்.
உவர்மலை அலுவலகத்தில் அப்போது ஆருமில்லை.
வாசற்படியில் ஒரு மான் படுத்திருக்கும்.
கீழே உள்துறைமுகத்தில் ஏதோ கப்பல்
விளக்கைப் போட்டபடி நிற்கும்.

இருபத்தேழு வரி. நான் எழுதியது.
ஒவ்வொரு ரெப்போவாகக் கதவு தட்டி
எல்லாக் கிளைகளையும்,
ஆரும் திறந்து பாராத பழைய கொமிட்டுகளையும்
அள்ளிப் பொட்டலங் கட்டித் திகதி போட்டு
வெளியே கொழுவிய டிஸ்க்கில் வைத்துவிட்டு
என் போனுக்கு ஒற்றைச் சொல் அனுப்பும்:
சரி.

அதைப் பார்த்த பிறகுதான் பல் தீட்டுவேன்.

ஐப்பசி இடி ஒரே ஒரு கம்பியால் இறங்கி
சேர்வரையும் மூன்று கணினிகளையும் கருக்கிய காலை
எனக்குப் பதற்றமில்லை.
"பக்கப் இருக்கு" என்றேன் பகீரதனிடம்.
சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது,
ஏன் மறைப்பான்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் கொழுவினேன்.
கடைசித் திகதி ஆடி நாலு.
அதன் பிறகு ஒன்றுமில்லை.

காற்றாடிக்குப் பிளக் தேடின ஒரு கை
(என் கையாயும் இருக்கலாம்)
அன்று அந்த வயரை அசைத்திருக்கிறது.
டிஸ்க் ஏறவில்லை.
ஏறாத இடத்தில் அதே பெயரில்
வெறும் கோப்புறை ஒன்று வாய் திறந்து கிடந்தது.
என் ஸ்கிரிப்ட் அங்கேதான்,
காப்பாற்ற வேண்டிய அதே சேர்வரின் வயிற்றுக்குள்ளேயே,
நூற்றிப் பன்னிரண்டு இரவு
பொட்டலம் அடுக்கியிருக்கிறது.
வீடு எரியுமென்று பயந்து
நகையை அதே வீட்டு அலுமாரியில் பூட்டினதுபோல.

அது பொய் சொல்லவில்லை.
எழுதினேனா? எழுதினேன். சரி.
எங்கே எழுதினாய் என்று கேட்க
நான் அதில் ஒரு வரி வைக்கவில்லை.

கிண்ணியா பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.
பாலத்தில் காற்று முகத்தில் உப்பு அறைந்தது.
ருஷ்தா பிள்ளைப்பேற்று விடுமுறையில் நின்றாள்,
தோளில் பிள்ளை, கையில் பால் போத்தல்.
மடிகணினி குழந்தைத் துணிகளுக்கு அடியில் கிடந்தது.
"எப்ப கடைசியா இழுத்தன் எண்டு ஞாபகமில்ல" என்றாள்.
சார்ஜர் தேடக் கால் மணித்தியாலம்.

பிறகு திரையில் எண்ணிக்கை ஓடத் தொடங்கியது,
நாலாயிரம், ஐயாயிரம்.
எங்கள் மூதூர்ப் படகுச் சீட்டு முழுக்க,
முதல் நாளிலிருந்து, பிழைகளோடு:

மூதூர்க் கட்டணம் திருத்தம்.
நேற்றுத் திருத்தினதைத் திருத்தினது.
மழை. படகு இல்லை. ரத்துப் பொத்தான் சேர்த்தேன்.
ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை, தொடாதீர்கள்.

தொடாதீர்கள் என்றது நான்.
இரண்டு வருசத்துக்கு முந்தின நான்.
அதற்குக் கீழே, புரட்டாதி ஒன்பதில்
அவளுடைய கடைசிக் கொமிட்:
உள்ளே உதைக்கிறான். மிச்சம் பிறகு.

அவளோடது எல்லாம் கிடைத்தது.
அதன் பிறகு ஆறு கிழமையாக நான் எழுதினது
இடியோடு போயிற்று.
திரும்ப எழுதினேன்.
முன்னதைவிட நல்லதென்று சொல்ல ஆசை;
ஒப்பிட ஒன்றுமில்லை.

இப்போது நாற்பத்தாறு வரி.
முதலில் டிஸ்க் உண்டா என்று கேட்கும்.
இல்லையென்றால் அழும்,
நான் எழும்பும்வரை போனில் அழும்.
உண்டென்றால் கட்டின பொட்டலத்தில் ஒன்றை
வெற்றிடத்தில் அவிழ்த்து
ஏதோ ஒரு கொமிட்டின் வாசகத்தை வாசித்து
சரிக்குப் பதிலாக அதை அனுப்பும்.
ஒரு கொப்பி பாலம் கடந்து
கிண்ணியாவுக்கும் போகிறது.

"பாலம் உடைஞ்சா?" என்று கேட்டாள் ருஷ்தா.
அந்த வரியை இன்னும் எழுதவில்லை.

இன்று காலை தூரிகையில் பற்பசை வைத்தபடி
போனைத் திருப்பினேன்:
உள்ளே உதைக்கிறான். மிச்சம் பிறகு.

அவன் இப்போது தவழ்கிறானாம்.
வயர்களை எல்லாம் இழுக்கிறானாம்.