எடைமேடை

மரியாம்பொலேயில் அக்டோபர் என்றால் சேறு.
சர்க்கரைக்கிழங்கு லாரிகள்
விடியுமுன்பே ஆலை வாசலில் வரிசைகட்டும்.
எடைமேடையின் கண்ணாடிக் கூண்டில் டாங்குவலே:
உள்ளே வரும் எடை, வெளியே போகும் எடை,
ஒட்டிய மண்ணுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கழிவு.
முப்பத்தோரு வருடத்தில் அவள் கணக்கில்
ஒரு கிழங்கு குறைந்ததில்லை.
கூடியதுமில்லை, அதனால்
சில ஓட்டுநர்களுக்கு அவளைப் பிடிக்காது.

இடது மார்பிலிருந்து எடுத்த நூலளவுத் தசை
மெழுகுக்கட்டிக்குள் உறைந்து கௌனஸுக்குப் போனது.
அங்கே நெரிங்கா அதை முடியிலும் மெலிதாகச் சீவி
கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றினாள்.
நீலமாகவே இருந்திருக்கலாம் அந்த உட்கருக்கள்;
காப்பிக்கறை நிறத்தில் விழித்தன,
நூற்றுக்குத் தொண்ணூறு.
ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு என்று எழுதிவிட்டு
அடுத்த கண்ணாடியை எடுத்தாள்.
அவளுக்கு அது ஓர் எண்.
மதியச் சாப்பாடு வேறு ஆறிக்கொண்டிருந்தது.

ஏற்பி.
ஏற்றுக்கொள்வதும் அந்தச் சொல்லில் இருக்கிறது,
கையேந்துவதும் இருக்கிறது.
பூட்டென்றும் சாவியென்றும் படம் போடுவார்கள்.
பூட்டுக்குப் பசிக்காது.
இது கை.
ஒரு துளி ஹார்மோன் விழுந்தால்
மடங்கும், மரபிழையைப் போய்த் தொடும்:
பெருகு.
பெருக வேண்டுமானால் முதலில் தின்னு.
செல்லின் சுவரெங்கும்
சர்க்கரைக்கு வாசல்கள் முளைக்கும்.

தீட்டு நின்று பத்து வருடமாயிற்றே,
துளி எங்கிருந்து வருகிறது?
கொழுப்பிலிருந்து, என்றார் டாக்டர் ஷாரூனஸ்.
அவள் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள்,
வீட்டுக்குள்ளேயே திருடனைக் கண்டவள்போல.
ஊற்றை அடைக்க ஒரு மாத்திரை, நாளுக்கொன்று.
நாலு வருடம்
அந்தக் கை வெறுமனே நீண்டிருந்தது.

பிறகு, பெறாமலே மடங்கக் கற்றுக்கொண்டது.
மரபிழையில் ஒரே ஓர் எழுத்துப்பிழை.
யாரும் எதுவும் போடாத உள்ளங்கை
போட்டதுபோல் மூடிக்கொண்டது.
பெருகு, தின்னு, பெருகு.
கேட்க ஆளில்லை.

ஆறு மணி நேரப் பட்டினி,
நரம்பில் கதிரேறிய சர்க்கரை,
இருட்டறையில் பேசாமல் படுத்திரு என்றார்கள்.
திரையில் மூளை எரிந்தது, அது எப்போதும் எரியும்.
இடுப்பெலும்பும் எரிந்தது. முதுகில் இரண்டு கணு.
"எங்கள் ஆலைச் சர்க்கரையா?" என்றாள்.
டாக்டர் சிரிக்கலாமா என்று யோசித்தார்.
"நாளைக்கு எவ்வளவு தின்கிறது?"
கிராம் கணக்கில் சொல்ல முடியாது, என்றார்.
"எடை போடாமல் எப்படிக் கணக்குத் தீர்ப்பீர்கள்?"

சர்க்கரையை நிறுத்து என்றாள் பக்கத்து வீட்டு யாட்விகா.
நிறுத்தினால் உன் தசையைக் கரைத்தாவது
உடம்பே காய்ச்சிக்கொள்ளும் என்றார் டாக்டர்.
டாங்குவலே தேநீரில் வழக்கம்போல் இரண்டு கட்டி போட்டாள்.
மூன்றாவதை
கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அதையும் போட்டாள்.

இப்போது மாதம் இரண்டு ஊசி, புட்டத்துக்கு ஒன்று.
ஆமணக்கெண்ணெயில் கரைத்த மருந்து.
கெட்டியாக இருக்கும் என்று
செவிலி விலியா உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குகிறாள்.
இது கையை அடைக்க வந்ததல்ல.
கையையே கழற்றிக் குப்பைக்கு அனுப்ப வந்தது.
எத்தனை கை போயிற்று, எத்தனை மிச்சம்,
அடுத்த படம் வரைக்கும் தெரியாது.

ஜனவரியில் கடைசி லாரி போனபின்
பனி பெருக்கிய எடைமேடையில் ஏறி நின்றாள்.
இருபது இருபது கிலோவாகத்தான் அந்தத் தராசுக்கு எண்ணத் தெரியும்.
போன வருடம் அறுபத்திரண்டு இருந்தாள்: அறுபது என்றது.
இன்று ஐம்பத்து மூன்று.
கூண்டுக்குள்ளிருந்து ரோமால்தாஸ் கத்தினான்: அறுபது!
ஐம்பதுக்குக் கீழே போனால்
நாற்பது என்றுதான் சொல்லும்.
அவளுக்குத் தெரியும்.
பூட்ஸைக் கழற்றவில்லை,
மண் கழிவும் கேட்கவில்லை.
"எழுதிக்கொள்," என்றாள்.