மெற்றில்டா என்னைக் கொன்ற படங்கள்

முதல் தடவை உப்புவெளியில்.
ஒரு கலியாண வீடியோவில் மிஞ்சிய அரை நாடா,
கடன் வாங்கிய பற்றரி, மூன்று நிமிடக் கதை.
"செத்த மாதிரிப் படு" என்றாள்.
படுத்தேன். எறும்பொன்று காதுக்குள் போனது.
அசையவில்லை.
"உனக்கு இதுதான் வரும்" என்றாள் அன்றைக்கே.

பகலில் நான் துறைமுக அலுவலக எழுதுவினைஞன்.
கப்பல்களின் பெயரைப் பேரேட்டில் பதிவேன்.
சனி ஞாயிறில் சாவேன்.

உவர்மலைப் படிக்கட்டில் உருண்டு,
கன்னியாவில் நஞ்சு குடித்து,
கொழும்புத் தொலைக்காட்சிக்கு எடுத்த பதின்மூன்று வாரத் தொடரில்
மூன்றாம் வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.
மீதிப் பத்து வாரமும் சுவரில் மாலையோடு தொங்கினேன்.
படத்துக்கும் சம்பளம் உண்டா என்று கேட்டேன்.
தேத்தண்ணி வாங்கித் தந்தாள்.

நாடாக்களை மடியில் வைத்தபடி இரவு ரயிலில் போவாள்.
கந்தளாயில் ஏறிச் சோதிப்பார்கள்.
உள்ளே என்ன?
காதல் கதை, சேர்.
அது கிரிக்கெட்டுக்கு இடையில் துண்டு துண்டாய்ப் போகும்,
மழையால் ஆட்டம் நின்றால் முழுசாய்.
எங்கேயோ ஒரு மைதானத்தில் மழை கொட்டவேண்டுமென்று
திருகோணமலையில் நேர்த்தி வைத்தோம்.

பிறகு அந்தப் பெரிய படம்.
வாடகைக் கமரா, பதினாறு மில்லிமீற்றர் சுருள்,
பொலிஸ், நேவி, கச்சேரி என்று மூன்று கடிதம்.
திருக்கடலூர்க் கரையில் காலை ஆறரைக்கு
என்னைக் குப்புறக் கிடத்தினார்கள்.
அலை வந்து ஒரு கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகவேண்டும்.
அதற்கு நாலு டேக்.

ஐந்தாவதில், அலைக்கு முன்னால்,
ஓடிவரும் கால்கள் கேட்டன.
கதையில் இல்லாத கால்கள்.
யாரோ தோளைப் பிடித்துப் புரட்டினார்.
கண்ணைத் திறப்பதா விடுவதா?
திறந்தேன்.
சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

ஐம்பது வயதிருக்கும். கையில் ஒற்றைச் செருப்பு.
அவ்வளவு உற்று என்னை யாரும் பார்த்ததில்லை,
மெற்றில்டா கூட.
"இல்லை" என்றார், எங்களிடம் அல்ல.
பிறகு என் முதுகு மணலைத் தட்டிவிட்டார்,
விழுந்தெழும்பின பிள்ளைக்குத் தட்டுவதுபோல.
மட்டிக்களிப் பக்கம் நடந்து போனார்.

கமரா ஓடிக்கொண்டிருந்தது.
'கட்' என்று சொல்லவேண்டியவள்
வாயில் கை வைத்து நின்றாள்.

தயாரிப்பாளருக்கு யாரோ போனில் சொல்லிவிட்டார்கள்.
"அதிர்ஷ்டமடி! அதுதான் படமே,
வெளிநாட்டு விழாவெல்லாம் போகும்" என்று துள்ளினார்.
பின்னேரம் அந்த டப்பாவைக் கொண்டுபோய்
தபாற்கந்தோர் முன்னால், வெயிலில், திறந்தாள்.
சுருள் பாம்பாய் வழிந்தது.
ஊர் சுற்றும் மானொன்று வந்து மோந்து பார்த்து
வேண்டாமென்று போனது.
படமும் அதோடு போனது.

பதினொரு வருடம்.
உர விளம்பரம், பற்பசை, வங்கிக்கிளைத் திறப்பு விழா,
ஒரு வேட்பாளர் ஆட்டுக்குட்டியைத் தூக்குவது.
ஏன் இந்த இடைவெளி என்று பேட்டியில் கேட்டால்
"கமரா பழுது" என்பாள்.

போன ஆடியில் கூப்பிட்டாள்.
பாலையூற்றில் ஒரு குசினி, ஒருநாள் வேலை.
"எப்படிச் சாகவேணும்?" என்றேன்.
"சாகவேண்டாம்.
வெளியால இருந்து வா. செருப்பைக் கழற்று. சாப்பிடு."

இருபத்தாறு டேக்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
வீட்டுக்குத் திரும்பி வருகிறவன்
கதவைத் தள்ளுவானா, தட்டுவானா?
அவளும் சொல்லித் தரவில்லை.
சோறு ஆறி, மீன்குழம்பில் ஆடை படிந்து,
கடைசியில் பசியே வந்துவிட்டது.
நடிப்பதை மறந்து கேட்டேன்:
"உப்பெங்கே?"

கமராவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.
காட்சிக்குள் ஒரு கை மட்டும் நீண்டு
உப்புச் சிரட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனது.

படம் வந்துவிட்டது.
அந்தக் கையை அவள் வெட்டவில்லை.