பாக்கி

லோரோங் குலிட் சந்தையில்
துருப்பிடித்த விசிறிக்கும் பொய்ப்பல் தட்டுக்கும் நடுவே
பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கினேன்.
கூலிமில் மூன்று லாரி ஓட்டிகள்
எண்பத்தெட்டில் எடுத்த படம்.
தணிக்கை வாரியம் பார்த்ததில்லை.
பார்த்திருந்தால் சிரித்துவிட்டுத் தடை செய்திருக்கும்.

கதை என்று பார்த்தால்
சவப்பெட்டிக் கடைக்காரன் கணக்கைக் கூட்டிச் சொல்கிறான்,
செத்தவர் எழுந்து உட்கார்ந்து
"ஆணிக்கு எதுக்குப்பா தனிக் காசு?" என்கிறார்.
அங்கிருந்து பேரம்.
நான்காவது நிமிடத்தில் பிணம் கொசு அடிக்கும்.
அந்த ஓர் அடிக்காகத்தான்
பஞ்சும் ஸ்பிரிட்டுமாக
நாடாவை அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன்.
நல்ல படங்களில் பிணம் ஒழுங்காகச் செத்திருக்கும்.
அதை யார் தேடுவார்கள்?
பட்டர்வொர்த் தீனதயாளன் எண்ணூறு தருகிறேன் என்றான்.
கொடுக்கவில்லை.
அவன் கண்ணில் கொசு படாது.

நாற்பத்தோராவது நிமிடம்,
செத்தவர் கடைசி விலை சொல்ல வாய் திறக்க
யாரோ மேலேயே பதிந்துவிட்ட பூப்பந்தாட்டம்.
பதினான்கு, ஒன்பது. சர்வீஸ் நம்முடையது.
யார் காசு கொடுத்தார்கள்
யாரைப் புதைத்தார்கள்
தெரியாது.

தெரிந்தவன் ஒருவன் இருந்தான்.
ஆயர் ஈத்தாமில் ஊய் செங் ஹோக்.
ஆணி, தாழ்ப்பாள், பூட்டு விற்பவன்.
அவன் நாடாவில் முற்பாதியைப் பூசணம் தின்றுவிட்டது,
முடிவு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது
'எவ்வளவு', 'வேண்டாம்'.
இரண்டையும் என்னிடம்தான் சொல்வான்.
பதினோரு வருடம்
கோப்பிக்கடையில் ஒரே மேசை.
நான் கொசுவைக் காட்டவில்லை,
அவன் குழியைக் காட்டவில்லை.

போன மாதம் செத்துப்போனான்.

வெள்ளை உறையில் ஐம்பது வைத்துக்கொண்டு போனேன்.
எரிப்பதற்குக் காகித வீடு, காகிதக் கார்,
மகள் சொல்லிச் செய்வித்த காகித வீடியோ டெக்,
ரிமோட்கூட இருந்தது.
கடலை உரித்தபடி
அவன் மனைவி பக்கம் நாற்காலியை நகர்த்தி
மெல்ல ஆரம்பித்தேன்.
முடிக்க விடவில்லை. மலாயில் சொன்னாள்:
"முந்நூறு.
நீ வருவாய், குறைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார்."

நூற்றைம்பது என்றேன்.
சொன்ன வாய் மூடுவதற்குள்
பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டது கழுத்து.

அங்கே நிறைய கொசு.
ஒன்றும் அடிபடவில்லை.